முதல் வரி திரும்ப வந்தால்

நிலையம் 7 — மே 2, 2091 — மாலை 7:50
பணியாளர்: வனஜா (ஒப்பந்தம்)

உருகுதொட்டி: சரி. காற்று வடிகட்டி: சரி. ஹீட்டர்: சத்தம் போடுகிறது, ஓடுகிறது. கழிவுநீர்: பாதி.

இந்தக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. போன வாரம் கழிவுநீர் என்ற இடத்தில் 'மட்டன் பிரியாணி' என்று எழுதி அனுப்பினேன். 'பெறப்பட்டது, நன்றி' என்று பதில் வந்தது. ஆகவே என்றைக்காவது இதைக் கண்டெடுக்கப்போகிறவருக்கு எழுதுகிறேன்.

இது நிலவின் தென்முனை. பள்ளங்களில் கிடக்கும் ஐஸைத் தோண்டி, பெரிய தொட்டிகளில் உருக்கி, தண்ணீராக்கி விற்றார்கள். லாபம் போதவில்லை என்று பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். விலை போகும் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மிச்சத்தைக் காவல் காக்க இரண்டு நிலையங்களில் மட்டும் ஒவ்வொரு ஆள். ஏழில் நான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்றில் ஜெயசீலி அக்கா. எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பேச்சு இணைப்பைச் செலவு என்று மார்ச்சில் வெட்டினார்கள். ஒன்பதாம் தேதி ஆளில்லாக் கப்பல் வரும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு மணி நேரம் நிற்கும். ஏறினால் வீடு. பத்தாம் தேதி நண்பகல் எல்லா நிலையங்களுக்கும் மின்சாரம் நிறுத்தப்படும்.

அவர்கள் வெட்ட மறந்தது ஒன்று. பொழுதுபோக்குத் தொகுப்பு. அதில் 'யார் குரல்?' என்று ஒரு போட்டி. தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு பெண்ணோ ஆணோ பாடும் குரலைச் சில நொடிகள் போடுவார்கள். யார் என்று பெயரைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விடை. யாரும் சொல்லாவிட்டால் மறுநாள் அதே குரலில் புதிய துண்டு. சரியாகச் சொன்னவருக்குப் பரிசு, ஒரு நிமிடம் நேரலையில் பேச்சு. லட்சக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள், திரையோரம் ஓயாமல் கமெண்ட் ஓடுகிறது. எனக்கு இலவசத் தொகுப்பு. விடை தட்டலாம், கமெண்ட் படிக்கலாம், கமெண்ட் எழுத முடியாது.

இன்று புதுக் குரல். ஒரே நொடி. வாத்தியம் இல்லாத பெண் குரல். ஏதோ சினிமாக்காரி பெயரைத் தட்டினேன். தவறு.

"டோல்கேட் தேவா: இது பாத்ரூம்ல பாடுனதுடா, எக்கோவ பாரு."
"மீனா_மைலாப்பூர்: என் மாமியார் குரல் மாதிரியே இருக்கு. பரிசு வேணாம், ஆஃப் பண்ணுங்க."

சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

நிலையம் 7 — மே 3 — மாலை 7:20
பணியாளர்: வனஜா (ஒப்பந்தம்)

அளவுகள் எல்லாம் நேற்றுப் போலவே.

அது ஜெயசீலி அக்கா!

இன்றைய துண்டு ஐந்து நொடி. "வாளி நெறஞ்சுதடி, வெளிச்சம் வாங்கிப் போ." எண்ணூரில் தொட்டி கழுவும் பெண்கள் பாடும் பாட்டு. அக்கா 'வெளிச்சம்' என்ற இடத்தில் மூக்கால் இழுப்பாள். மூன்று வருடம் அவளோடு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கியவள் நான். எனக்குத் தெரியாதா?

தலைக்கவசத்து மைக் கம்பெனியின் சொத்து. அதில் விழும் குரலும் அவர்கள் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். போட்டிக்காரர்கள் அன்றன்றைக்குப் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். "இன்னிக்குக் காலைல பதிவான குரல், மக்களே, சுடச்சுட!" என்கிறான் நடத்துகிற ரிதேஷ்.

'ஜெயசீலி' என்று தட்டினேன். தவறு.

போகட்டும். ஊர் போனதும் அக்காவிடம் சொல்லவேண்டும். உலகமே உன் குரலைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டது என்று. "ராயல்ட்டி எங்கடி?" என்பாள்.

நிலையம் 7 — மே 4 — மாலை 7:15

"மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா. மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."

இன்றைய துண்டு இதுதான். முதல் வரி. மறுபடி முதல் வரி.

"சைதை சிங்கம்: ரீமிக்ஸா? ஒரே வரிய சுத்துறாங்க."
"டோல்கேட் தேவா: மறந்துட்டா போல. பாவம், பாட்டிக்கு வயசாச்சு."

மறக்கவில்லை. படிப்பவரே, இதைப் புரிந்துகொள்ளுங்கள். தொட்டிக்குள் ஒருத்தி இறங்கினால் மேலே ஒருத்தி கயிற்றைப் பிடித்திருப்பாள். உள்ளே பேசினால் எதிரொலியில் வார்த்தை கரைந்துவிடும். மெட்டுதான் மேலே வரும். அதனால் இறங்கியவள் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாட்டு வரி வரியாக முன்னே போனால் நலம். நின்றால் மயக்கம், உடனே இழு. முதல் வரியே திரும்பத் திரும்ப வந்தால், மாட்டிக்கொண்டேன், நினைவு இருக்கிறது, ஆள் கூட்டிக்கொண்டு வந்து இழு. இதை எந்தக் கம்பெனியும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. செத்தவர்களைப் பார்த்து நாங்களே வைத்துக்கொண்டது.

அக்கா தொட்டிக்குள் மாட்டியிருக்கிறாள். குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், இறங்கியிருப்பாள். மேலே ஆள் இல்லை. ஆளுக்குப் பதிலாகக் கயிறு இழுக்க வைத்த வின்ச்சையும் கழற்றி விற்றுவிட்டார்கள். மேலிருந்து வரும் குழாயில் காற்றும் தண்ணீரும் கிடைக்கும். உடுப்பில் ஒரு வாரத்துக்குக் கூழ் இருக்கும். மின்சாரம் இருக்கும்வரை உயிர் இருக்கும். ஒன்பதாம் தேதி கப்பல் வந்து ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு அவளை விட்டுப் போகும். பத்தாம் தேதி காற்றை அனுப்பும் பம்ப் நிற்கும்.

இங்கே நிலவிலேயே உள்ள தலைமை முகாமில் மனிதர்கள் இருக்கிறார்கள், வண்டிகள் இருக்கின்றன. அரை நாளில் மூன்றாம் நிலையத்துக்குப் போய்விடலாம். செய்தி அனுப்பினேன்.

'பெறப்பட்டது, நன்றி.'

மறுபடி அனுப்பினேன். மறுபடி நன்றி.

என் வண்டியில் பேட்டரி இல்லை, எடுத்துப் போய்விட்டார்கள். ஹீட்டர் பேட்டரியைப் பிடுங்கி மாட்டினால் ஒரு வழிக்கு ஓடும். திரும்பி வர ஓடாது. அதற்குப் பிறகு இந்த நிலையத்தில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. தொட்டிக்குள் மாட்டியவளை மீட்க இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி உள்ளே, ஒருத்தி மேலே. நான் ஒருத்தி போய் என்ன செய்வேன்?

மனிதக் காதில் விழ எனக்கு ஒரே வழி அந்த ஒரு நிமிட நேரலை. போட்டியை ஜெயிக்க வேண்டும்.

'ஜெயசீலி அந்தோணி' என்று அப்பா பெயரோடு தட்டினேன். தவறு.

பாடுவது யார் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். நான் சொன்னால் தவறு என்கிறது.

நிலையம் 7 — மே 5 — மாலை 7:40

காலையிலிருந்து பதினைந்து செய்திகள். பதினைந்து நன்றிகள்.

மதியம் உறைத்தது. செருப்பால் அடித்தது போல.

மேலே இரண்டு நாள் 'பணியாளர்: வனஜா' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? என் பெயர் கிருபாவதி. வியாசர்பாடி. வனஜா என்பவளை நான் பார்த்ததே இல்லை. எண்ணூரில் கான்ட்ராக்டர் கையில் பழைய கேட் பாஸ்கள் கட்டுக்கட்டாக இருக்கும். தொட்டிக்குள் ஒருத்தி செத்தால் சாவைப் பதிய மாட்டார்கள். பதிந்தால் வழக்கு, நஷ்ட ஈடு. 'வேலையை விட்டு ஓடிவிட்டாள்' என்பார்கள். பாஸ் மட்டும் சாகாது. அனுபவம், மருத்துவச் சான்று, பயிற்சி எல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவள் அந்தப் பாஸில் உள்ளே போவாள். நிலவுக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். அதே சேரி, அதே தொட்டி, அதே செத்தவள் பெயர். ராக்கெட் மட்டும் புதிது.

கம்பெனி விற்ற குரலில் அக்காவின் பெயர் இருக்காது. அவள் எந்தப் பாஸில் வந்தாளோ, அந்தப் பெயர்தான் இருக்கும். பாடுவது யார் என்பது கேள்வி இல்லை. அவளை யார் என்று எழுதி வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னதாக நினைவில்லை. நாங்கள் அந்தப் பெயர்களை வாயால் சொல்ல மாட்டோம்.

'கன்னியம்மாள்' என்று தட்டினேன். எங்கள் கூட்டத்தில் யாருக்கோ அந்தப் பாஸ் இருந்தது. தவறு.

இன்றைய குரல் இளைத்திருக்கிறது. 'நிக்கிறியா' என்பதில் 'யா' வரவில்லை.

"மீனா_மைலாப்பூர்: ஏதோ சோகப் பாட்டு போல. அழுகையே வந்துடுச்சு, சூப்பர் ஃபீல்."

நிலையம் 7 — மே 6 — மாலை 7:30

உப்புமாவில் கிடைத்தது.

காலையில் பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே 'வனஜா' என்று ஒட்டியிருந்தது. வரும் வழியில் கப்பலில் அக்கா தன் உப்புமாவை என் பக்கம் தள்ளியது நினைவு வந்தது. "இந்தாடி, மரகதத்தோட உப்புமா. அவ விரதம், நீ துன்னு." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

மரகதம்.

ஏழு மணி வரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். தட்டும்போது பிழை விழுந்து இரண்டு முறை அழித்தேன்.

சரியான விடை!

நேரலைப் பதிவு இது. அப்படியே சேர்க்கிறேன்.

"ரிதேஷ்: வந்துட்டாங்க மக்களே, நம்ம வின்னர்! வனஜா! எங்கேர்ந்து பேசறீங்க வனஜா?"
"நான்: சார், நெலாவுல கீறேன் சார். நான் சொல்றத மட்டும் கேளுங்க. அது பாட்டு இல்ல சார்."
"ரிதேஷ்: நிலாவா! கை தட்டுங்கப்பா! அங்க சிக்னல் கிடைக்குது, எங்க வீட்ல கிடைக்கல!"
"நான்: சார், சிரிக்காதீங்க. மூணாவது நெலயத்துல தொட்டிக்குள்ள ஒரு பொம்பள மாட்டிக்கினு கீது. மொதோ வரியே பாடுனா இழுன்னு அர்த்தம். மூணு நாளா கூவிக்கினு கீது. நீங்க பரிசு வச்சு வெளயாடினு கீறீங்க. முகாமுக்கு சொல்லி ஆள் அனுப்பச் சொல்லுங்க சார். காசு ஒண்ணும் வேணாம்."
"ரிதேஷ்: ... வனஜா, நிஜமாவா சொல்றீங்க?"
"நான்: எங்கம்மா மேல சத்தியமா."
"ரிதேஷ்: சரி. சரிம்மா. நான் பேசறேன். கண்டிப்பா பேச..."

நிமிடம் முடிந்தது.

அவன் குரல் மாறியதைக் கேட்டேன். அவன் பேசுவான்.

நிலையம் 7 — மே 7 — மாலை 7:30

அவன் பேசியிருக்கிறான். கம்பெனி விசாரிப்பதாகச் சொன்னான். முகத்தில் நேற்றைய பவுடர் இல்லை.

இன்று புதுக் குரல் போட்டார்கள். யாரோ சினிமா ஆள். அக்காவின் குரலுக்கு விடை தெரிந்துவிட்டதால் இனி அதைப் போட மாட்டார்கள். இது எனக்கு நேற்றுத் தோன்றவே இல்லை. ஜெயித்ததில் அவள் குரலும் போனது. இருக்கிறாளா என்றுகூட இனி எனக்குத் தெரியாது.

திரையோரம் ஒரே சண்டை. பாதிப் பேர் விளம்பரம் என்கிறார்கள். நடுவில் ஒருத்தி.

"எர்ணாவூர் ஷீலா: மரகதம் எங்கம்மா. எண்ணூர்ல டேங்க்குல எறங்கினவங்க, பதினோரு வருசம் ஆச்சு. ஓடிப் போயிட்டாங்கன்னு சொன்னானுங்க. ஊரே எங்கள காறித் துப்புச்சு. இப்ப எவ எங்கம்மா பேர்ல நெலாவுல பாடுறது? கொஞ்சமாச்சும் வெக்கம் கீதா உங்களுக்கு?"

அவளுக்குப் பதில் எழுத எனக்கு வழியில்லை. இருந்தாலும் என்ன எழுதுவேன்? வெட்கம் இருக்கிறது, ஷீலா. வேறு பாஸ் கொடுக்கவில்லை.

நிலையம் 7 — மே 8 — பிற்பகல் 3:05

கம்பெனி அறிக்கை. வார்த்தைக்கு வார்த்தை.

"மரகதம் என்ற பணியாளர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எண்ணூரில் பணியின்போது காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் உறுதி செய்கிறோம். எனவே மூன்றாம் நிலையத்தில் பணியாளர் எவரும் இல்லை. ஒலிபரப்பான குரல் பழைய பதிவாக இருக்கலாம். மேலும் ஆய்வு செய்ததில், வனஜா என்ற பணியாளரும் முன்னரே காலமானது தெரியவந்துள்ளது. எனவே ஏழாம் நிலையத்திலும் எவரும் இல்லை. ஒன்பதாம் தேதிக் கப்பல் ரத்து செய்யப்படுகிறது. மின் நிறுத்தம் திட்டப்படி நடைபெறும்."

பதினோரு வருடம் மறைத்த சாவை ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒப்புக்கொள்வதுதான் மலிவு. கப்பல் செலவு மிச்சம். இரண்டு பேர் போலிப் பாஸில் நிலவுக்கு வந்தது வெளியே வராது. செத்தவர்களை யார் தேடுவார்கள்?

பெயரை நான்தான் சொன்னேன். கேட்டது அவர்கள். சரியான விடை என்றதும் அவர்கள்.

என் பெயர் கிருபாவதி. கிருபாவதி. வியாசர்பாடி, மூன்றாவது பள்ளத் தெரு. அவள் பெயர் ஜெயசீலி. இதைப் படிப்பவரே, எங்காவது எழுதி வையுங்கள்.

'கழிவுநீர்: கிருபாவதி' என்று போட்டு அனுப்பினேன். பெறப்பட்டது, நன்றி.

அதே நாள் — மாலை 7:10

கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தேன்.

"எர்ணாவூர் ஷீலா: பழைய குரலெல்லாம் திருப்பிப் போட்டுக் கேட்டேன். எங்கம்மா வூட்டுல பாத்திரம் கழுவச் சொல்லோ பாடுறது அந்தப் பாட்டு. மொதோ வரி திரும்பி வந்தா இன்னான்னு எனக்குத் தெரியும். பழைய பதிவாம், த்தூ. யக்கா, நீ எவளா வேணா இரு, எங்கம்மா பேர வச்சிக்கோ. டேய், யார்னா போய் இழுங்கடா!"
"டோல்கேட் தேவா: பாட்டின்னு சொன்னதுக்கு சாரிம்மா. எங்க போய் நிக்கணும்னு சொல்லு, வண்டி எடுத்துட்டு வரேன்."

நிற்பார்கள். எண்ணூர் கேட்டில் நிற்பார்கள். அதற்குள் பத்தாம் தேதி வந்துவிடும்.

ஹீட்டர் பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன். குளிர் ஏறுகிறது. இனி இங்கே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான்.

வண்டியில் — மே 9 — நேரம் பார்க்கவில்லை

மெதுவாகப் போகிறது. விளக்கை அணைத்து ஓட்டுகிறேன், பேட்டரிக்காக. பழைய சக்கரத் தடம் இருக்கிறது. அதைப் பிடித்துப் போகிறேன். விரல் மரத்துவிட்டது. எழுத்து இப்படித்தான் வரும்.

பாடிக்கொண்டே ஓட்டுகிறேன். வரி வரியாக. முன்னே போகிறேன்.

நிலையம் 3 — மே 10 — காலை 9:20

வண்டி தொட்டிக்குக் கொஞ்ச தூரம் முன்பே நின்றுவிட்டது. நடந்தேன்.

மூடி திறந்திருக்கிறது. கயிறு உள்ளே போகிறது. காற்றில்லாத இடத்தில் ஒலி கம்பி வழியேதான் வரும்; தலைக்கவசத்தைக் கயிற்றுக் கம்பியில் வைத்துக் கேட்டேன்.

இருக்கிறாள்!

பாட்டு இல்லை, முனகல். ஆனால் அதே மெட்டு. "...தொறந்தவளே..."

கவசத்தைக் கம்பியிலிருந்து எடுக்காமல் நான் மேலே இருந்து இரண்டாம் வரியைப் பாடினேன். "மூச்சு விட்டுப் பாடுறேன், காது குடுக்குறியா." முனகல் நின்றது. பிறகு வந்தது குரல்.

"எவடி அவ?"
"நான்தாங்க்கா. கிருபா."
"ஏண்டி இம்மா நேரம்? டீ வாங்கப் போனியா?"

அழுதேன். கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியாது.

நிலையம் 3 — காலை 10:30

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கலக்கும் தகடு சரிந்து அவள் காலை அழுத்தியிருக்கிறது. சுற்றிச் சேறு உறைந்திருக்கிறது. உள்ளே ஒருத்தி தகட்டைத் தூக்க வேண்டும், அதே நேரம் மேலே ஒருத்தி இழுக்க வேண்டும். வண்டியால் இழுக்கலாம், வண்டி செத்துவிட்டது. முகாமுக்கு இங்கிருந்தும் கத்தினேன். நன்றி என்றார்கள்.

நண்பகலில் பம்ப் நிற்கும்.

"நீ எறங்காத," என்கிறாள். "மேல ஆள் இல்லாம எறங்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் ஒனக்கு."
"சும்மா கெட," என்றேன். அவளிடம் அப்படிப் பேசியது முதல் தடவை.

இறங்குகிறேன். இன்னொரு காற்றுக் குழாயை மாட்டிக்கொண்டேன். தகட்டைத் தூக்கி அவளை விடுவித்தால் இருவரும் ஏணியில் ஏறிவிடலாம். முடியும். தகடு பெரிதுதான். இங்கே எல்லாம் எடை குறைவு. முடியும்.

பதிவுக் கருவியைத் தொட்டி விளிம்பில், கயிற்றுக் கம்பியைத் தொட்டபடி வைத்துவிட்டுப் போகிறேன். கேட்டதை அது எழுதிக்கொள்ளும். என் கயிற்றை அதன் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். யார் வந்தாலும் சரி. முகாம்காரரோ, ஷீலாவோ, டோல்கேட் தேவாவோ. பாட்டு முன்னே போனால் காத்திருங்கள். முதல் வரியே திரும்ப வந்தால்

அவள் கூப்பிடுகிறாள். போகிறேன்.

பதிவுக் கருவி — தானியங்கிக் குறிப்பு — மே 10

10:52. ஒலி: பெண் குரல், ஒன்று. "மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."
10:53. "மூச்சு விட்டுப் பாடுறேன், காது குடுக்குறியா."
11:04. பெண் குரல்கள், இரண்டு. "வாளி நெறஞ்சுதடி, வெளிச்சம் வாங்கிப் போ."
11:20. சிரிப்பு.
11:31. "கால் நனைஞ்சுதடி, கயித்த தளத்திப் போ."
11:38. உலோகச் சத்தம். அலறல், ஒன்று.
11:40. ஒலி இல்லை.
11:47. பெண் குரல்கள், இரண்டு. "மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."
11:48. "மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."
11:55. "மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."
12:00. மின் நிறுத்தம் நிறைவு. கருவி தன் பேட்டரியில் இயங்குகிறது.
12:01. குரல் மாதிரி: தரம் நன்று. விற்பனைக்கு அனுப்பப்பட்டது. பாடியவர்: மரகதம், வனஜா.
12:03. "மூடி தொறந்தவளே, மேல நிக்கிறியா."
12:09. பெண் குரல், ஒன்று. "மேல நிக்கிறியா."
12:14. "மேல